காஷ்மீர்: அமைதி திரும்பினால் உலையும் கொதிக்கும்

உங்கள் அலுமாரியில் ஒரு காஷ்மீர்ச் சால்வை இருக்கலாம். விருந்து நாளில் புரியாணிக்கு நீங்கள் சேர்க்கும் குங்குமப்பூ, ஸ்ரீநகருக்கு அருகேயுள்ள பம்போர் வயல்களில் மலர்ந்ததாகவும் இருக்கலாம். அந்தச் சால்வைக்கு நூல் நூற்ற பெண்ணைப் பற்றி எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

லடாக்கின் உயர்ந்த மேட்டு நிலங்களில் வளரும் ஆடுகளின் மெல்லிய உரோமமே பஷ்மினா. வீட்டு வேலைகளை முடித்த பின், இராட்டையின் முன் அமர்ந்து காஷ்மீர்ப் பெண்கள் அதை நூற்கிறார்கள். சால்வை விற்றால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். வாங்குவோரில் பலர் உல்லாசப் பிரயாணிகள்.

இயற்கை தந்த செல்வம்

பிரயாணிகளைக் கவர அங்கே எதற்குக் குறை? தால் ஏரிக்கு அருகில் மொகலாய மன்னர் ஜஹாங்கீர் 1619 இல் அமைத்த ஷாலிமார் தோட்டம் இருக்கிறது. ஏரியில் படகு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மகாராஜாக்களின் காலத்தில் வெளியார் அங்கு நிலம் வாங்க முடியாதிருந்ததால், ஆங்கிலேயர்கள் படகிலேயே குடியிருந்தார்கள். அந்தப் பழக்கமே பின்னர் ஒரு தொழிலாயிற்று. குல்மார்க்கில் பனிமலை, பஹல்காமில் லித்தர் ஆறு என்று இன்னும் எத்தனையோ!

வந்ததும் போனதும்

1947 முதல் இந்தியாவும் பாகிஸ்தானும் உரிமை கோரும் பூமி இது. 1989 இல் ஆயுதப் போராட்டம் மூண்டது. படகு வீடுகள் வெறிச்சோடின. 1995 இல் பஹல்காம் பகுதியில் வெளிநாட்டுப் பிரயாணிகள் ஆறு பேர் கடத்தப்பட்டார்கள். ஒருவர் தப்பினார், ஒருவர் கொல்லப்பட்டார், மற்ற நால்வரும் திரும்பவேயில்லை. அந்த மண்ணின் பெண்களும் இதே வேதனையை அனுபவிக்கிறார்கள். காணாமற்போன கணவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பது தெரியாமல் வாழும் இவர்களை அங்கே 'அரை விதவைகள்' என்கிறார்கள்.

நம்பிக்கை துளிர்த்த காலங்களும் உண்டு. 2003 இல் போர்நிறுத்தம் வந்தது. 2005 இல் ஸ்ரீநகருக்கும் முஸாபராபாத்துக்கும் இடையே பஸ் ஓடியது. பல்லாண்டுகள் பிரிந்திருந்த உறவுகள் கட்டித் தழுவி அழுதன. 2019 ஆகஸ்டில் காஷ்மீரின் விசேட அந்தஸ்து நீக்கப்பட்டபோது, பிரயாணிகள் வெளியேறும்படி கேட்கப்பட்டார்கள். தொலைபேசிகளும் மௌனமாயின. 2021 இல் போர்நிறுத்தம் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. கூட்டம் மறுபடி அலைமோதியது.

2025 ஏப்ரல் 22 இல் பஹல்காமுக்கு அருகில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரயாணிகளைக் குதிரையில் ஏற்றிச் செல்லும் உள்ளூர் முஸ்லிம் ஒருவரும் அவர்களில் அடக்கம். மறுநாள் பள்ளத்தாக்கு முழுவதும் கடைகளை அடைத்து மக்கள் துக்கமும் கண்டனமும் தெரிவித்தார்கள். அடுத்த மாதம் இரு நாடுகளும் நான்கு நாட்கள் மோதி, மே 10 இல் நிறுத்தின. ஜூனில் செனாப் நதிக்கு மேலே 359 மீற்றர் உயரப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. பாதை திறந்துவிட்டது, பயம் நீங்க வேண்டுமே!

நாம் அறிந்த பாடம்

சகோதரிகளே, இது நமக்குப் புதிதல்ல. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் நம் நாட்டு ஹோட்டல்கள் காலியானதையும், குற்றமற்ற முஸ்லிம்களின் கடைகள் எரிந்ததையும் கண்டவர்கள் நாம். யாரோ செய்த பாவத்துக்கு அன்றாடம் உழைத்து உண்பவனே முதலில் பட்டினி கிடக்கிறான்.

பிரயாணிகளின் தொகையைக் காட்டி "அமைதி வந்துவிட்டது" என்று சொல்வது போதாது. இராட்டை சுற்றும் அந்தத் தாய், வெளியே சென்ற மகன் மாலையில் வீடு திரும்புவான் என்று அஞ்சாமல் இருக்கும் நாளே சமாதான நாள். அந்த நாள் வந்தால் பிரயாணிகளும் தாமாகவே வருவார்கள். அடுத்த முறை அந்தச் சால்வையைப் போர்த்தும்போது, அவளுக்காகவும் ஒரு கணம் பிரார்த்தியுங்கள்.