மில் எழுதி அடித்த வரிகள்

“பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்?” சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் இல்லங்களில் விருந்தினர் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. அதில் தவறில்லை. நிலபுலன் இல்லாத இடத்தில் கல்வியே நமது கைப்பொருள். ஆயினும் அக்கல்வியை ஊட்டும் முறையைப் பற்றி நம்மை எண்ண வைக்கும் நூல் ஒன்று உண்டு. ஆங்கிலத் தத்துவ ஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதி, அவர் மறைந்த 1873-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த சுயசரிதை அது.

மில் 1806-இல் லண்டனில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் மில், இந்திய மண்ணை மிதியாமலே 1817-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுதி வெளியிட்டவர். அவர் மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே ஆசானானார். மூன்று வயதில் கிரேக்கம். எட்டு வயதில் லத்தீன். விடுமுறை இல்லை, விளையாட்டுத் தோழரும் இல்லை. காலையில் உலவும்போது, முதல் நாள் படித்ததைத் தந்தையிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். 17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலையும் அமைந்தது. எந்தத் தந்தைதான் பெருமை கொள்ளமாட்டார்?

1826-இல், இருபதாம் வயதில், மில் தம்மைத் தாமே விசாரித்தார். தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் உடனே நிறைவேறினால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று கேட்டுக்கொண்டார். ‘இல்லை’ என்றது உள்ளம். வாழ்வு வெறுமையாயிற்று. அத்துயரைத் தந்தையிடம் சொல்லவும் அவரால் இயலவில்லை. பின்னர் ஒரு பிரெஞ்சு நூலில், தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்துக்குத் தானே துணையாக உறுதிகொள்ளும் பகுதியைப் படித்துக் கண்ணீர் விட்டார். அக்கண்ணீரே அவர் சுமையைக் குறைத்தது.

தம் குறையை ஆராய்ந்த மில், அதைத் தம் சொந்தத் துயராக மட்டும் கருதவில்லை. அறிவைத் தீட்டி உணர்ச்சியைப் பட்டினி போடும் கல்வியைக் குறைகூறினார். பெண்ணைச் சட்டத்தால் ஆணுக்கு அடிமையாக்கும் சமுதாயத்தைக் கண்டித்தார். 1867-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கோரினார். 73 பேரே ஆதரித்தமையால் அக்கோரிக்கை தோற்றது.

ஆனால் ஒன்பது மக்களைப் பெற்ற தம் தாயைப் பற்றி அந்நூலில் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன் முதற்படி 1961-இல் அச்சேறியபோது உண்மை விளங்கியது. அன்பில் அன்றி அச்சத்தில் வளர்ந்ததையும், தாயிடம் கனிவு காணாத குறையையும் எழுதிவிட்டு, பின்னர் அவ்வரிகளை அவர் அடித்திருந்தார். பெண்ணடிமையை உலகெங்கும் கண்டவர், தம் வீட்டு அடுப்படியில் அதைக் கண்டதாகத் தெரியவில்லை. தன்னை ஆராய்வது அத்துணை அரிய செயல்!

இன்று மாலை மதிப்பெண்ணைக் கேட்கும்முன், பிள்ளையின் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்போம். வீட்டில் தாயின் சொல்லுக்கும் இடம் கொடுப்போம். நம் மக்கள் நாளை தம் கதையை எழுதுவார்களாயின், நம்மைப் பற்றிய வரிகளை எழுதி அடிக்கும் நிலை அவர்களுக்கு வராதிருக்கட்டும்.