உருளைக்கிழங்கின் பிறந்த வீட்டில் ஆறு நாள்!

கோத்தகிரி பக்கத்தில் இருந்து ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருந்தார். "அரை ஏக்கரில் தொடர்ந்து உருளைக்கிழங்கு போடுகிறேன். மூன்று வருடமாக விளைச்சல் இறங்கிக்கொண்டே வருகிறது. உரத்தைக் கூட்டியும் பலனில்லை. செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேரில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கின்றன. என்ன மருந்து போடுவது?" என்று கேட்டிருந்தார்.

கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடித்திருக்கலாம். ஆனால், அந்த மஞ்சள் மணியின் சொந்த ஊருக்கே போன ஜூன் மாதம் போய்விட்டு வந்தேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைதான் அந்த ஊர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், "அப்பா, வாழ்நாள் முழுக்க உருளைக்கிழங்கு, நிலக்கடலைன்னு பேசிட்டீங்க. ரெண்டும் பிறந்த கண்டத்தைப் பார்த்துட்டு வாங்க" என்று எங்கள் இருவரையும் கூட்டிப்போனான். வழிகாட்டியோடு பஸ்ஸிலும் படகிலும் போகிற குழுப் பயணம். பெரு நாட்டின் குஸ்கோ நகரத்தில் ஆரம்பித்து, டிட்டிகாகா ஏரியைக் கடந்து, பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் முடிந்தது.

குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். முதல் நாள் தலைவலியும் மூச்சிரைப்பும் பாடாய்ப் படுத்தின. விடுதியில் கோகா இலை போட்ட சுடுதண்ணீர் கொடுத்தார்கள். கஷாயம் மாதிரி இருந்தது. ஊட்டிக்கே இரண்டு ஸ்வெட்டர் போடுகிற என் மனைவி, என்னைவிடத் தெம்பாக நடந்தார்.

குஸ்கோவில் இருந்து ஏரிக்கரையில் இருக்கும் புனோ நகரத்துக்குச் சுமார் 390 கிலோமீட்டர். ஒரு பகல் முழுக்கப் பஸ் பயணம். வழியில் ராக்சி என்ற இடத்தில் இன்கா அரசர்கள் காலத்துக் கோயில் இருக்கிறது. எல்லோரும் கோயில் சுவரைப் படம் எடுக்க, நான் பக்கத்தில் வரிசையாக நின்ற வட்டமான கல் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தானியக் களஞ்சியங்கள். விளைச்சல் பொய்த்தால் சாப்பிடுவதற்கான சேமிப்பு.

லா ராயா கணவாய் 4,300 மீட்டருக்கு மேல். அதைத் தாண்டினால் மரமே இல்லாத சமவெளி. காய்ந்த புல், அதில் மேயும் லாமா, அல்பாக்கா மந்தைகள். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம். பகலில் சுள்ளென்று வெயில், இரவில் தண்ணீர் உறைகிற குளிர்.

பனியில் போடும் வற்றல்

ஓரிடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். தரையெங்கும் சிறு உருளைக்கிழங்குகளைப் பரப்பியிருந்தார்கள். ஒரு குடும்பம் வெறுங்காலால் அவற்றை மிதித்துக்கொண்டிருந்தது. இதன் பெயர் சூனியோ. அறுவடை முடிந்த கிழங்கைச் சில இரவுகள் திறந்தவெளியில் போட்டுவிடுகிறார்கள். பனியில் உறைந்து, பகல் வெயிலில் இளகுகிறது. மிதித்தால் தண்ணீர் வெளியே வந்துவிடும், தோலும் உரியும். பிறகு காயவைத்தால் கூழாங்கல் போல எடையில்லாமல் ஆகிவிடுகிறது. வருடக்கணக்கில் கெடாது. உறைந்த கிழங்கை ஓடும் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுக் காயவைத்தால், வெள்ளையாக இன்னொரு வகை கிடைக்கிறது. அதற்குத் துந்தா என்று பெயர்.

பனியைத் தாங்கி வளரும் சில ரகங்கள் அங்கே உண்டு. அவற்றை அப்படியே சமைத்தால் கசக்கும், உடம்புக்கும் ஆகாது. இந்தப் பக்குவம் அந்தக் கசப்பையும் எடுத்துவிடுகிறது. நாம் வெயிலை வைத்து வற்றல் போடுகிறோம், இவர்கள் பயிரைக் கருக்கும் பனியையே வைத்துப் போடுகிறார்கள். சூப்பில் போட்டுக் கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால், ஊறிய தக்கையைத் தின்ற மாதிரிதான் இருந்தது. குளிர் ஏற ஏற இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கினேன்.

புனோ போய்ச் சேர்ந்த மறுநாள் படகு. டிட்டிகாகா ஏரி கடல் மட்டத்தில் இருந்து 3,812 மீட்டர் உயரத்தில், 8,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் கிடக்கிறது. ஏரி என்றே மனம் ஒப்பவில்லை. கரைக்கு அருகே ஊரோஸ் மக்கள் தோத்தோரா என்ற கோரையை அடுக்கி, மிதக்கும் தீவுகள் கட்டி வாழ்கிறார்கள். மிதக்கிற வேர்க்கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, மேலே கோரையைப் பரப்புகிறார்கள். அடியில் அழுக அழுக மேலே புதுக் கோரை போட வேண்டும். இப்போது பெரும்பாலும் சுற்றுலாவை நம்பித்தான் பிழைப்பு.

ஏரிக்கரை வயல்களில் 'வாரு வாரு' என்ற பழைய முறை உண்டு. மேட்டுப்பாத்தி போட்டு, சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் நிறுத்துவது. பகலில் வெயிலை வாங்கிய தண்ணீர், இரவில் சூட்டை மெல்ல விடும். பாத்தியில் பனிச் சேதம் குறையும். வாய்க்கால் வண்டல் எருவாகிறது. மறந்துபோன இந்த முறையை 1980-களில் தொல்லியல் ஆய்வாளர்களும் உள்ளூர் விவசாயிகளும் சேர்ந்து மீட்டார்கள். பிறகு பல இடங்களில் மறுபடியும் கைவிட்டுவிட்டார்கள். ஆள் வேலை அதிகம். பழையது என்பதாலேயே எல்லாம் நிற்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு பங்காகப் பிரித்த தீவு

புனோவில் இருந்து மெதுவான படகில் மூன்று மணி நேரம் போனால் தாக்கீலே தீவு. துறையில் இருந்து ஊருக்கு 500-க்கும் மேற்பட்ட கல்படிகள். பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். ஆண்கள் நடந்துகொண்டே கம்பளித் தொப்பி பின்னுகிறார்கள். அவர்களின் நெசவுக் கலைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் உண்டு. எனக்குக் கண் போனதெல்லாம் கல் அடுக்கிய படிக்கட்டு வயல்களின் மேல்தான்.

அன்றிரவு ஒரு விவசாயி வீட்டில் தங்கினோம். அவர் கெச்சுவா மொழியில் சொல்ல, வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வார். தீவு நிலம் முழுவதையும் ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். எந்தப் பகுதியில் எந்தப் பயிர் என்பது தனி ஆள் முடிவல்ல, ஊர் முடிவு. இந்த ஆண்டு உருளை போட்ட இடத்தில் அடுத்த ஆண்டு உருளை கிடையாது. ஓக்கா என்ற கிழங்கு, மக்காச்சோளம், பார்லி, பெரிய அவரை என்று மாறி மாறி வரும். சில பகுதிகள் சும்மா கிடக்கும், அதில் ஆடு மேயும். ஒவ்வொருவருக்கும் பல பகுதிகளில் துண்டு துண்டாக நிலம் இருப்பதால், ஒரு பகுதி ஓய்வெடுத்தாலும் யாரும் பட்டினி இல்லை. ஏரியைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலும் இப்படி ஊர்க்கட்டுப்பாடு உண்டாம். உயரமான இடங்களில் உருளை போட்ட நிலத்துக்கு ஏழெட்டு ஆண்டுகள்கூட மறுபடி உருளை வராது.

"வேரில் மஞ்சள் மணி மாதிரி புழு வருமா?" என்று கேட்டேன். அவருக்குப் புழுவைப் பற்றிப் பெரிதாகத் தெரியவில்லை. "நிலம் களைத்துப்போனால் கிழங்கு சிறுத்துவிடும். களைக்கும் முன்பே விட்டுவிட வேண்டும்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உயரம் மட்டும் காரணமல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில ஆண்டுகள் நான் நீலகிரியில் இருந்தேன். ஒரு பெரியவர் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்தார். "சார், நிலம் அசந்து கிடக்கு. ரெண்டு வருசம் கிழங்கு போடாம விட்டுறட்டுமா?" என்று கேட்டார். எனக்கு அப்போது பரப்பளவு இலக்கு. "எதுக்கு விடுறீங்க ஐயா? குருணை மருந்து போடுங்க, உரத்தைக் கூட்டுங்க" என்றேன். அவர் சொன்னதைக் கேட்கிற மனுஷன். கடன் வாங்கிப் போட்டார். அடுத்தடுத்து இரண்டு போகம் விதைக்காசுகூட வரவில்லை. நிலத்தை அடமானம் வைத்துவிட்டு, தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனார். எனக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்துவிட்டது. போய்ச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

தாக்கீலேவுக்குப் பிறகு, கோபகபானா வழியாகப் பொலிவியா. டிகினா நீரிணையில் எங்களை இறக்கிச் சிறு படகில் ஏற்றிவிட்டு, பஸ்ஸைத் தனியாக ஒரு மரத் தெப்பத்தில் ஏற்றினார்கள். தெப்பம் ஆடுகிற ஆட்டத்தில் எங்கள் பெட்டிகள் போச்சு என்றே நினைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. கரையோரச் சந்தையில் கறுப்பு, ஊதா, சிவப்பு, விரல் போல நீளம் என்று அத்தனை வகை உருளை. ஆண்டிஸில் 4,000-க்கும் மேற்பட்ட நாட்டு ரகங்கள் இருக்கின்றன. நாலு கிழங்கைப் பையில் போட்டுக்கொள்ளக் கை பரபரத்தது. போடவில்லை. இந்த நூற்புழு உலகம் சுற்றியதே விதைக்கிழங்கிலும் அதில் ஒட்டிய மண்ணிலும்தான். அப்படித்தான் ஆண்டிஸில் இருந்து ஐரோப்பா போய், பிறகு நம் மலைக்கும் வந்து, 1961-ல் உதகையில் கண்டுபிடிக்கப்பட்டது.

இனி கோத்தகிரி வாசகருக்கு. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் முட்டைக்கூடு நூற்புழுவாகத்தான் இருக்கும். அந்த மணி ஒவ்வொன்றும் செத்த பெண் புழுவின் உடல். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள். உருளைச் செடி இல்லாவிட்டாலும் மண்ணில் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். எனவே, மருந்தால் மட்டும் தீராது. குறைந்தது மூன்று, நான்கு ஆண்டுகள் அந்த நிலத்தில் உருளை வேண்டாம். தக்காளி, கத்தரியும் வேண்டாம், புழு அவற்றிலும் பெருகும். முட்டைக்கோஸ், கேரட், முள்ளங்கி, பீன்ஸ், பூண்டு போடலாம். மொத்தமும் அழியாது, ஆண்டுக்கு ஒரு பங்காகக் குறையும். அரை ஏக்கரையும் ஒரேயடியாக மாற்ற முடியாவிட்டால், தாக்கீலேக்காரர்கள் மாதிரி நாலு துண்டாகப் பிரித்துச் சுற்றில் விடுங்கள். மண்வெட்டியை ஒவ்வொரு துண்டிலும் கழுவிவிட்டு அடுத்ததில் இறங்குங்கள்.

மறுபடி உருளை போடும்போது, குஃப்ரி ஜோதியை விட்டுவிட்டு, புழுவை எதிர்க்கும் குஃப்ரி ஸ்வர்ணா அல்லது குஃப்ரி நீலிமா போடுங்கள். ஸ்வர்ணாவின் எதிர்ப்புச் சக்தி ஆண்டிஸின் காட்டு உருளை இனத்தில் இருந்து எடுத்ததுதான். சந்தையில் ஜோதிக்குத்தான் கிராக்கி என்பீர்கள், தெரியும். கடன் வாங்கி ஜோதி போட்டு, விதையைக்கூட எடுக்காமல் போவதைவிட இது மேல். விதைக்கிழங்கை நீலகிரிக்கு வெளியே யாருக்கும் கொடுக்காதீர்கள், அதற்குத் தடை இருக்கிறது. முதல் வேலையாக, வேரோடு செடியையும் அரைக் கிலோ மண்ணையும் பாலிதீன் பையில் கட்டி, உதகை முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.