ஆட்சியாளரிடம் ‘கூடாது’ எனச் சொல்வது யார்?



மக்களாட்சி வீழ்ந்தது என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றும் காட்சி ஒன்றுண்டு. நள்ளிரவில் இராணுவ டாங்கிகள் தலைநகருக்குள் நுழையும். வானொலி நிலையம் கைப்பற்றப்படும். விடியும்போது சீருடை அணிந்த ஒருவர் தம்மை ஆட்சியாளராக அறிவிப்பார். இக்காட்சி இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மாலியில் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும், கினியிலும் சூடானிலும் 2021இலும், புர்கினா ஃபாசோவில் 2022இல் இருமுறையும், நைஜரில் 2023இலும் இராணுவமே ஆட்சியைப் பறித்தது.

ஆனால் இன்றைய உலகில் மக்களாட்சிக்கு நேரும் பெரிய ஆபத்து வேறொரு வாசல் வழியாகவும் வருகிறது. மக்களின் வாக்குகளைப் பெற்று வந்தவரே, அரசியலமைப்புச் சட்டத்தின் ஒரு பிரிவைச் சுட்டிக்காட்டி, ஒரு கையெழுத்தினால் அதிகாரம் முழுவதையும் தம் கைக்குள் கொண்டு வந்துவிடுகிறார். துப்பாக்கி வெடிப்பதில்லை. சில வேளைகளில் மக்களே கைதட்டி வரவேற்கவும் செய்கின்றனர். இழந்தது இன்னதென்று அவர்கள் உணரும்போது காலம் கடந்துவிடுகிறது.

இதனை விளங்கிக்கொள்ள இரண்டு நாடுகளின் அண்மைக்கால வரலாற்றை உங்கள் முன் வைக்கிறோம். ஒன்று துனீசியா, மற்றொன்று செனகல். இரண்டும் ஆப்பிரிக்கக் கண்டத்தில் உள்ளவை. முஸ்லிம்கள் மிகப் பெரும்பான்மையாக வாழ்பவை. பிரான்சின் ஆதிக்கத்திலிருந்து முறையே 1956, 1960 ஆம் ஆண்டுகளில் விடுதலை பெற்றவை. இரண்டிலும் ஓர் அதிபர் தமக்குரிய எல்லையைத் தாண்டினார். ஒரு நாட்டில் அவரைத் தடுக்க எவராலும் இயலவில்லை. மற்றொரு நாட்டில் அவர் தடுக்கப்பட்டார். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

நம்பிக்கை தந்த துனீசியா

2010 டிசம்பர் 17 அன்று துனீசியாவின் சீதி பூசைத் நகரில் முஹம்மது புஅஸீஸி என்ற இளைஞர் தமக்குத் தாமே தீ வைத்துக்கொண்டார். தள்ளுவண்டியில் காய், பழம் விற்றுக் குடும்பத்தைக் காத்து வந்தவர் அவர். அவருடைய தராசையும் சரக்கையும் அதிகாரிகள் பறித்துக்கொண்டனர்; முறையிடச் சென்ற இடத்தில் அவர் குரலைக் கேட்க ஆளில்லை. 2011 ஜனவரி 4 அன்று அவர் இறந்தார். அதற்குள் நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்துவிட்டனர். 23 ஆண்டுகள் ஆட்சியில் இருந்த ஸைனுல் ஆபிதீன் பின் அலி ஜனவரி 14 அன்று சவூதி அரேபியாவுக்குத் தப்பியோடினார்.

அதன் பின் நடந்தவை உலகம் வியந்தவை. 2011 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. 217 இடங்களில் 89 இடங்களை வென்ற அந்நஹ்ழா கட்சி, கொள்கையில் மாறுபட்ட இரண்டு கட்சிகளோடு சேர்ந்து ஆட்சி அமைத்தது. 2013இல் இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடு உள்நாட்டுப் பூசலின் விளிம்பில் நின்றது. அவ்வேளையில் தொழிலாளர் சங்கம், தொழிலதிபர்கள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கு அமைப்புகள் ஒன்று சேர்ந்து அனைவரையும் பேச்சுக்கு அழைத்தன. ஆளுங்கட்சி பதவி விலக இசைந்தது. 2014 ஜனவரி 26 அன்று 200 உறுப்பினர்களின் ஆதரவோடு புதிய அரசியலமைப்பு நிறைவேறியது. அந்த நான்கு அமைப்புகளுக்கும் 2015இல் நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டது.

காலியாகவே கிடந்த நாற்காலிகள்

அந்த அரசியலமைப்பு ஓர் அரசியலமைப்பு நீதிமன்றத்தை ஏற்படுத்தக் கட்டளையிட்டிருந்தது. பன்னிரண்டு நீதிபதிகள். நால்வரை நாடாளுமன்றமும், நால்வரை உச்ச நீதித்துறைக் குழுவும், நால்வரை அதிபரும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆட்சியாளர் எல்லை தாண்டினால் ‘கூடாது’ என்று சொல்ல வேண்டிய இடம் அதுவே. 2014 இறுதியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலிலிருந்து ஓராண்டுக்குள் அது அமைந்திருக்க வேண்டும்.

அமையவில்லை! தம் பங்கான நால்வரைத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. ஒவ்வொரு கட்சியும் தமக்கு வேண்டியவரையே முன்னிறுத்தியது. பலமுறை வாக்கெடுப்பு நடத்தியும், 2018இல் ஒரே ஒருவர் மட்டும் தேர்வானார். மற்ற நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 2019 ஜூன் மாத இறுதியில் அதிபர் பாஜி காயித் அஸ்ஸிப்ஸி கடுமையாக நோயுற்றார். அதிபர் பதவி காலியாகிவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்திற்கே உரியது, நீதிமன்றமோ இல்லை. ஒரு மாதத்தில் அவர் மறைந்தபோது சபாநாயகர் பொறுப்பேற்றதால் அவ்வேளை சமாளிக்கப்பட்டது. அப்போதும் கட்சிகள் விழித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குக் கதவு வைக்க ஏழு ஆண்டுகள் வாய்ப்பிருந்தும், எந்தத் தச்சரை அழைப்பது என்ற சச்சரவிலேயே காலம் கழிந்தது என்றால் அது மிகையாகாது.

2021 ஜூலை 25

2019 அக்டோபரில் கைஸ் சயீத் 72 விழுக்காட்டிற்கும் மேலான வாக்குகளைப் பெற்று அதிபரானார். அவர் அரசியலமைப்புச் சட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 2021 தொடக்கத்தில் நாடாளுமன்றம் ஒருவாறு விழித்துக்கொண்டு, நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கத் தேவையான வாக்கு எண்ணிக்கையைக் குறைத்துச் சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்று கூறி அதிபர் கையொப்பமிட மறுத்துவிட்டார்.

2021 ஜூலை 25 அன்று அரசியலமைப்பின் 80ஆம் பிரிவைக் காட்டி, அவர் பிரதமரை நீக்கினார், நாடாளுமன்றத்தை முடக்கினார். அந்தப் பிரிவு உண்மையில் என்ன சொல்கிறது? நெருக்கடி வேளையில் அதிபர் சிறப்பு நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அக்காலம் முழுவதும் நாடாளுமன்றம் தொடர்ந்து கூடியிருக்க வேண்டும். முப்பது நாட்களுக்குப் பிறகும் நெருக்கடி நீடிக்கிறதா என்பதை அரசியலமைப்பு நீதிமன்றத்திடம் கேட்கலாம். அந்நீதிமன்றம் இல்லாததால், சட்டத்தின் பொருள் இதுதான் என்று தீர்ப்பளிக்க அதிபரைத் தவிர வேறு எவரும் இல்லாமற் போயினர்!

பின்னர் ஒவ்வொன்றாக நிகழ்ந்தன. 2021 செப்டம்பரில் ஆணைகள் மூலமே ஆட்சி நடத்தும் அதிகாரத்தை அவர் எடுத்துக்கொண்டார். 2022 பிப்ரவரியில் உச்ச நீதித்துறைக் குழு கலைக்கப்பட்டது. மார்ச்சில் நாடாளுமன்றமும் கலைக்கப்பட்டது. ஜூனில் 57 நீதிபதிகள் ஒரே நாளில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஜூலையில் புதிய அரசியலமைப்பின் மீது நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினரே வாக்களித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தோர் சுமார் 11 விழுக்காட்டினர் மட்டுமே! பொய்ச் செய்தியைத் தடுப்பதாகக் கூறி 2022இல் வெளியான ஓர் ஆணையின் கீழ்ப் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் சிறை சென்றனர். முன்னாள் சபாநாயகர் ராஷித் அல் கன்னூஷி 2023 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார்.

2024 அக்டோபர் தேர்தலுக்கு முன் நடந்ததையும் கவனியுங்கள். விலக்கப்பட்ட மூன்று வேட்பாளர்களைச் சேர்க்க வேண்டும் என்று நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் ஆணையம் அதனை ஏற்கவில்லை. வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்த நிலையில், தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரமே அந்நீதிமன்றத்திடமிருந்து சட்டத்தின் மூலம் பறிக்கப்பட்டது. எதிர்த்து நின்ற ஒரு வேட்பாளர் சிறையில் இருந்தார். அதிபர் 90 விழுக்காட்டிற்கும் அதிகமான வாக்குகளோடு வென்றார். வாக்களிக்க வந்தவர்களோ 30 விழுக்காட்டிற்கும் குறைவு.

செனகலில் நடந்தது என்ன?

இப்போது மேற்கு ஆப்பிரிக்காவின் கரையோரத்திலுள்ள செனகலுக்கு வருவோம். மாலியும் கினியும் அதன் அண்டை நாடுகள். அவ்விரு நாடுகளிலும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியுள்ளது. செனகலிலோ 1960 முதல் ஒருமுறைகூட இராணுவப் புரட்சி வெற்றி பெற்றதில்லை. முஸ்லிம்கள் 90 விழுக்காட்டிற்கு மேல் வாழும் அந்நாட்டின் முதல் அதிபர் செங்கோர் ஒரு கிறித்தவர் ஆவார். அவர் 1980 இறுதியில் தாமாகவே பதவி விலகினார். 2000ஆம் ஆண்டிலும் 2012ஆம் ஆண்டிலும் பதவியில் இருந்த அதிபர்கள் தேர்தலில் தோற்று, தோல்வியை ஒப்புக்கொண்டு வெளியேறினர்.

2024 பிப்ரவரி 25 அன்று அதிபர் தேர்தல் நடைபெறவிருந்தது. பிரச்சாரம் தொடங்குவதற்குச் சில மணி நேரமே இருந்தபோது, பிப்ரவரி 3 அன்று, அதிபர் மக்கி சால் தேர்தலைத் தள்ளிவைத்தார். இரு நாட்களில் நாடாளுமன்றம் கூடியது. எதிர்ப்புத் தெரிவித்த உறுப்பினர்கள் காவல் படையினரால் வெளியேற்றப்பட்டனர். தேர்தலை டிசம்பர் 15க்கு மாற்றும் சட்டம் நிறைவேறியது. போராட்டங்களில் உயிர்கள் பலியாயின.

ஆனால் செனகலில் நாற்காலிகள் காலியாக இல்லை. ஏழு உறுப்பினர்கள் கொண்ட அரசியலமைப்பு மன்றம் பிப்ரவரி 15 அன்று, அதிபரின் ஆணையும் நாடாளுமன்றத்தின் சட்டமும் செல்லாது என்று அறிவித்தது. தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக அதிபர் கூறினார். மார்ச் 24 அன்று தேர்தல் நடந்தது. பத்து நாட்களுக்கு முன்புவரை சிறையில் இருந்த பசிரு ஜொமாய் ஃபாய் 54 விழுக்காடு வாக்குகளோடு முதல் சுற்றிலேயே வென்றார். ஆளுங்கட்சி வேட்பாளர் மறுநாளே அவருக்கு வாழ்த்துத் தெரிவித்தார். ஏப்ரல் 2 அன்று ஆட்சி கைமாறியது.

மன்றம் மட்டும் போதுமா?

போதாது என்பதே உண்மை. இதே அரசியலமைப்பு மன்றம் 2012இல், அப்போதைய அதிபர் அப்துல்லாய் வாத் மூன்றாம் முறை போட்டியிடுவதை அனுமதித்தது. அவரைத் தடுத்தது மன்றமன்று. வாக்குச்சீட்டின் மூலம் மக்களே தடுத்தனர். 2024இல் மன்றம் துணிந்து தீர்ப்பளித்தபோதும் அதன் பின்னால் மாணவர்களும், வழக்கறிஞர்களும், ஆசிரியர்களும், மார்க்க அறிஞர்களும் விழிப்போடு நின்றனர். தௌபா நகரின் முரீதிய்யா, திவாவோன் நகரின் திஜானிய்யா போன்ற தரீக்காக்களின் தலைவர்கள் ஆட்சியாளருக்கும் மக்களுக்கும் இடையே நின்று சமாதானம் பேசுவது அந்நாட்டின் நீண்ட கால வழக்கம்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடலாகாது. 2021 ஜூலை இரவில் துனீசிய மக்களில் பலர் வீதிக்கு வந்து மகிழ்ச்சி ஆரவாரம் செய்தனர். ஏன்? 2011 ஜனவரி முதல் பத்தரை ஆண்டுகளில் ஒன்பது பேர் பிரதமர் பதவியில் மாறி மாறி அமர்ந்தனர். வேலையின்மை தீரவில்லை, விலைவாசி ஏறியது, கொரோனா பெருந்தொற்றில் மருத்துவமனைகள் திணறின. புஅஸீஸி கேட்டது நேர்மையான பிழைப்பையும் மரியாதையையும். அவருக்குப் பின் வந்த மக்களாட்சி பேச்சுரிமையைத் தந்தது. ஆனால் பிழைப்பைத் தரவில்லை. பசித்தவனின் வீட்டில் உரிமைச் சாசனம் மட்டும் அடுப்பை எரிக்காது. நல்லாட்சி தராத மக்களாட்சி, தன்னைக் காக்க வேண்டியவர்களின் அன்பை இழந்துவிடுகிறது.

செனகலுக்கும் இந்தச் சோதனை உண்டு. முந்தைய ஆட்சி அறிவித்ததைவிடக் கடன் மிக அதிகம் என்று 2025 பிப்ரவரியில் அந்நாட்டின் தணிக்கை நீதிமன்றம் வெளிப்படுத்தியது. அச்சுமையைச் சுமந்துகொண்டு இளைஞர்களுக்கு வேலை தருவது எளிதன்று. படகேறிக் கடலில் உயிரிழக்கும் இளைஞர்களைக் காப்பது இன்னும் கடினம். எனினும், மறைக்கப்பட்ட கணக்கை வெளியே கொண்டுவர ஓர் அமைப்பு அங்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நாம் பெறும் படிப்பினை

அன்பிற்கினியவர்களே! ஆட்சி என்பது ஓர் அமானிதம். அமானிதத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, அவர் நல்லவரா என்று மட்டும் கேட்பது போதாது. அவர் தவறினால் கேட்பது யார் என்றும் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்க வேண்டியவரை, நம்பிக்கை நிறைந்திருக்கும் நாட்களிலேயே அமர்த்திவிட வேண்டும். ஆபத்து வந்த பின் அமர்த்த இயலாது. துனீசியா நமக்குச் சொல்வது இதனையே.

நமக்குப் பிடித்த தலைவர் எல்லை மீறும்போது மௌனமாக இருப்பதும், பிடிக்காதவர் மீறும்போது மட்டும் கூக்குரல் எழுப்புவதும் நீதியாகாது. இன்று நம் எதிரியை அடக்க அவர் எடுத்துக்கொள்ளும் அதிகாரம், நாளை நம் வீட்டு வாசலுக்கும் வரும்.

இதனை உங்கள் பிள்ளைகளுடன் அமர்ந்து பேசுங்கள். தேர்தல் எப்போது, வென்றவர் யார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நீதிபதிகளை யார் நியமிக்கிறார், கணக்கை யார் தணிக்கை செய்கிறார், பத்திரிகை அஞ்சாமல் எழுதுகிறதா என்றும் கேட்கக் கற்றுக்கொடுங்கள். உங்கள் ஊர்ச் சங்கத்திலோ ஜமாஅத் நிர்வாகத்திலோ பொறுப்பேற்றால், கணக்கு கேட்பவரைப் பகைவராக எண்ணாமல் துணைவராக எண்ணுங்கள். ‘கூடாது’ என்று சொல்பவருக்கு அங்கே ஓர் இருக்கை ஒதுக்கி வையுங்கள். வீட்டிலும் ஊரிலும் அப்பழக்கம் வேரூன்றினால், நாட்டிலும் அது நிலைபெறும்.