யாரை விட? எதன் மடங்கு?

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கத்தில் தமிழ் வகுப்பு முடிந்ததும் ஏழெட்டுக் குழந்தைகள் கணக்கு நோட்டுடன் என்னைச் சூழ்ந்து கொள்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். நான் வாத்தியார் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாம் இந்தக் குழந்தைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அதே எண்களை நாலு வரி வாக்கியமாக எழுதிக் கொடுத்தால் போதும், பென்சிலைக் கடிக்க ஆரம்பித்து விடுகிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் கவலையோடு வந்தார். மகள் நாலாம் வகுப்பு. "வீட்டிலே தமிழ் பேசறதாலேதான் இவளுக்குக் கணக்குப் புரியலை, இனிமே இங்கிலீஷ்லேயே பேசுங்கன்னு ஸ்கூல்லே சொல்லிட்டாங்க. என்ன சார் பண்றது?" என்றார். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். இப்படிப்பட்ட அறிவுரை கிடைத்த குடும்பம் நம்மிடையே இது ஒன்று மட்டும் அல்ல என்பதால் என் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண் தடுக்கி விழுந்த கணக்கைப் பாருங்கள். அருணிடம் 12 கோலிகள் உள்ளன. இது பிரியாவிடம் இருப்பதை விட 4 அதிகம். பிரியாவிடம் எத்தனை? குழந்தை 16 என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "மோர்னு வந்தா கூட்டணும், லெஸ்னு வந்தா கழிக்கணும், டைம்ஸ்னு வந்தா பெருக்கணும் தாத்தா" என்றாள். யாரோ மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்! நாக்பூர்க் குழந்தை ஆயிற்றே என்று ஆரஞ்சிலேயே ஒன்று கேட்டேன். அம்மா 24 ஆரஞ்சு வாங்கினாள், அது பக்கத்து வீட்டு மாமி வாங்கியதைப் போல் 3 மடங்கு, மாமி வாங்கியது எத்தனை? 72 என்று பதில் வந்தது. மாமி அம்மாவை விட அதிகம் வாங்கினாளா, குறைவாக வாங்கினாளா என்ற நினைப்பே இல்லை. சொல்லைக் கண்டதும் கை பெருக்கிவிட்டது.

தமிழ் பேசுவதால் வந்த வினையா இது? 1981-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தமானது. முதலாண்டு எஞ்சினீயரிங் மாணவர்களிடம், "இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் 6 மடங்கு மாணவர்கள் உள்ளனர், இதைச் சமன்பாடாக எழுதுக" என்று கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தப்பாக எழுதினார்கள்; அவர்களில் பெரும்பாலோர் ஆறை மாணவர் பக்கத்தில் போட்டுத் தலைகீழாக எழுதியவர்கள். அவர்கள் ஒன்றும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் அல்லவே! வாக்கியத்தில் சொற்கள் வந்த வரிசையிலேயே எண்களை அடுக்குவது இந்தக் கோளாறுக்கு ஒரு காரணம். எந்த மொழியிலும் வரும்.

இன்னும் ஒரு படி மேலே போய், இந்த விஷயத்தில் தமிழ் உதவி செய்கிறது என்றே சொல்வேன். ஆங்கிலத்தில் "அருண் ஹாஸ் ஃபோர் மோர் தான் பிரியா" என்னும்போது, எதோடு ஒப்பிடுகிறோமோ அது கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. தமிழில் "பிரியாவை விட" என்று அதை முன்னால் வைத்து, 'விட' என்று முத்திரையும் குத்திவிடுகிறோம். ஆகவே குழந்தையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யாரை விட? பிரியாவை விட என்றால் பிரியாதான் அளவுகோல். அவளிடம் 4 சேர்த்தால் அருணுடைய 12 வரும். அருண் தெரியும், பிரியா தெரியாது என்றால் திரும்பி வர வேண்டும், அதாவது கழிக்க வேண்டும். ஆரஞ்சுக் கணக்குக்கு அதே கேள்வி, எதன் மடங்கு? ஹிந்தியில் 'சே', மராத்தியில் 'பேக்ஷா' இதே வேலையைச் செய்வதால், தெருவில் கற்ற பாஷையும் நம் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும். (மராத்தியில் 'சௌபட்' என்றால் நாலு மடங்கு, ஹிந்தியில் அதே சொல்லுக்கு நாசம் என்று பொருள். பரீட்சைத் தாளில் ஜாக்கிரதை!)

அடுத்தது, 'அதிகம்' வேறு, 'மடங்கு' வேறு என்பது. இதற்கு என் வேட்டிதான் பாடப் புத்தகம். எட்டு முழ வேட்டி நாலு முழ வேட்டியை விட நாலு முழம் அதிகம். அதே எட்டு முழத்தை ஒரு தரம் மடித்தால் நாலு முழத்தின் மேல் சரியாக உட்காரும், அதாவது இரண்டு மடங்கு. மடங்கு என்ற சொல்லே மடங்குவதிலிருந்து வந்ததுதான். கண்ணால் பார்த்த குழந்தை மறப்பதில்லை.

இரண்டுமே சரியான ஒப்பீடுதானே, எதைச் சொன்னால் என்ன என்று தோன்றும். அங்கேதான் பிசகுகிறது. இட்லிக்கு நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து போடுகிறீர்கள். விருந்தாளி வந்து எட்டு டம்ளர் அரிசி நனைத்தால் உளுந்து எவ்வளவு? 'அரிசி உளுந்தை விட 3 டம்ளர் அதிகம்' என்று பிடித்துக்கொண்ட குழந்தை 5 டம்ளர் என்னும். அந்த மாவில் என்ன வரும் என்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். இங்கே மாறாமல் நிற்பது மடங்கு.

வயதுக் கணக்கில் நேர்மாறு. அப்பாவுக்கு 36, மகளுக்கு 9. 27 ஆண்டு அதிகம், 4 மடங்கு. ஒன்பது ஆண்டு கழித்து 45-ம் 18-ம். வித்தியாசம் அதே 27, மடங்கோ இரண்டரையாக இறங்கிவிட்டது. எது நிலையாக நிற்கிறது, எது மாறுகிறது என்று பேசிப் பார்க்க வைப்பது பத்துப் பக்கம் ஹோம்வொர்க்கை விட மேல் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் ரயில்வேயிலேயே இதற்கு ஓர் அருமையான உதாரணம் உண்டு. தண்டவாளத்தின் அடியில் எத்தனை ஸ்லீப்பர் என்பதற்கு 'எம் பிளஸ் 7' என்று ஒரு சூத்திரம். எம் என்பது தண்டவாளத்தின் நீளம், மீட்டரில். அகலப் பாதைத் தண்டவாளம் 13 மீட்டர் என்பதால் 13-ம் 7-ம் 20 ஸ்லீப்பர். சரி, இரண்டு தண்டவாளங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்து 26 மீட்டர் ஆக்கினால்? சூத்திரத்தை அப்படியே போட்டால் 33 வரும். பாதைக்குத் தேவையோ 40. அந்த 7, 13 மீட்டருக்கு மட்டுமே சொந்தமான 7. ஆகவே நீளம் எதுவானாலும் செல்லும்படி, கிலோமீட்டருக்கு 1540 என்று மடங்குக் கணக்கிலும் இதைச் சொல்கிறோம். பெரிய பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தால் சண்டையே போடுகிறார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மூன்று மடங்கு அதிகம்' என்று பத்திரிகைகள் எழுதுவதை வீட்டில் பழக்காதீர்கள். 10-க்கு மூன்று மடங்கு 30. 'மூன்று மடங்கு அதிகம்' என்றால் 30-ஆ, பத்தோடு 30 சேர்ந்து 40-ஆ? பெரியவர்களே தீர்மானிக்க முடியாத வாக்கியத்தைக் குழந்தை தலையில் ஏற்றுவானேன்?

நோட்டில் செய்ய வேண்டியது எளிது. ஒரு நீளப் பட்டை வரைந்து, யாரை 'விட' என்றார்களோ அவர் பெயரை அதன் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கீழே மற்றவரின் பட்டை. 'அதிகம்' என்றால் ஒரு துண்டு நீட்ட வேண்டும். 'மடங்கு' என்றால் மேல் பட்டையையே அத்தனை தரம் அடுக்க வேண்டும். தெரிந்த எண்ணை உரிய இடத்தில் போட்டபின் கூட்டலா, கழித்தலா, பெருக்கலா, வகுத்தலா என்பது படத்திலேயே தெரியும். 1980-களில் சிங்கப்பூர்ப் பள்ளிகள் இம்மாதிரிப் பட்டை முறையைக் கொண்டு வந்தன.

அந்த நாலாம் வகுப்புப் பெண் ஆங்கிலத்தில் கணக்கைப் படித்து, "யாரை விட?" என்று தமிழில் முணுமுணுத்து, பட்டை போட்டு, ஆங்கிலத்திலேயே விடை எழுதுகிறாள். இன்னும் சில சமயம் தப்பு வருகிறது, ஆனால் நோட்டை மூடி வைத்துவிட்டு அழுவதில்லை. வீட்டில் தமிழை நிறுத்தவில்லை என்று அவள் தாயார் சொன்னார்.

இனி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. நாக்பூர்ப் பக்கம் நெடுநாள் ஓடிய சிறுபாதை ரயிலை இவர்களின் அப்பா அம்மா பார்த்திருப்பார்கள். அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி 66 அங்குலம். இது சிறுபாதையின் இடைவெளியை விட 36 அங்குலம் அதிகம். சிறுபாதையின் இடைவெளி எவ்வளவு? அகலப் பாதை அதைப் போல் எத்தனை மடங்கு? இரண்டாவது விடை முழு எண்ணாக வராது, பயப்பட வேண்டாம். பட்டை வரைந்து ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள்.