விக்கிப்பீடியாவில் ஒரு பெயரை நீக்கினால் அது உடனே மறைந்துவிடுமா? கேஷும் எக்ஸ்டென்ஷன்களும் மோதும் இடம்

2024 செப்டம்பர் 17. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனை வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவரின் பெயரையும் படத்தையும் நீக்கும்படி விக்கிப்பீடியாவுக்கு உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி குற்றம்.

'தொகு' பட்டனை அழுத்தி ஒரு பெயரை அழிக்க சில விநாடிகள் போதும். ஆனால் ஒரு விக்கி பக்கம் ஒரே இடத்தில் மட்டும் இருப்பதில்லை. அதன் பிரதிகள் பல இடங்களில் உட்கார்ந்திருக்கும். அவை எல்லாம் ஒரே நேரத்தில் மாறுமா? இந்த வழக்கைத் தாண்டியும் முக்கியமான கேள்வி இது.

கேஷ் எதற்கு?

விக்கிப்பீடியா இயங்குவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். டெம்ப்ளேட், மேற்கோள், தகவல் பெட்டி என எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பக்கத்தை உருவாக்க சர்வருக்கு நேரம் பிடிக்கும். அதனால் ஒருமுறை உருவாக்கியதை 'பார்சர் கேஷ்' என்ற இடத்தில் சேமித்து வைக்கும்.

அதற்கு முன்னால் இன்னொரு அடுக்கு இருக்கிறது. லாகின் செய்யாத வாசகர்களுக்கு, முழுப் பக்கத்தின் பிரதி அவர்களுக்கு அருகில் உள்ள டேட்டா சென்டரிலிருந்தே போய்விடும். ஆசிய வாசகர்களுக்காக விக்கிமீடியா 2018-ல் சிங்கப்பூரில் அப்படி ஒன்றைத் தொடங்கியது.

எக்ஸ்டென்ஷன் எங்கே குறுக்கே வருகிறது?

பக்கத்தை யாராவது திருத்தினால் பழைய பிரதியைத் தூக்கிப்போட மீடியாவிக்கிக்குத் தெரியும். ஆனால் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள், வேறு இடத்திலிருந்தும் தகவல் எடுக்கின்றன.

தகவல் பெட்டியில் உள்ள ஒரு வரி விக்கித்தரவிலிருந்து வரலாம். அங்கே மாற்றினால், அதைப் பயன்படுத்தும் பக்கங்களைப் புதுப்பிக்கும் வேலை ஒரு வரிசையில் போய் நிற்கும். வரிசை நீளமாக இருந்தால் தாமதம்தான்.

லிங்க் மேல் மவுஸை வைத்தால் வரும் குட்டி முன்னோட்டம் இன்னொரு எக்ஸ்டென்ஷன். அதில் தெரியும் படத்தைத் தேர்ந்தெடுப்பது வேறொன்று. தேடல் பெட்டிக்குத் தனி இண்டெக்ஸ். ஆக, கட்டுரையில் பெயர் போனாலும், இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புதுப்பிக்கப்பட வேண்டும்.

கேஷ் தொடாத இடம் ஒன்றும் உண்டு: வரலாற்றுப் பக்கம். பழைய பதிப்புகளில் பெயர் அப்படியே இருக்கும். நிர்வாக அனுமதி உள்ளவர்கள் அவற்றைத் தனியாக மறைத்தால்தான் போகும். வெளித்தளங்கள் எடுத்துவைத்த பிரதிகள் விக்கிமீடியாவின் கையில் இல்லை.

அப்போ கேஷையே நிறுத்திடலாமே?

முடியாது. 2009 ஜூன் 25-ல் மைக்கேல் ஜாக்சன் இறந்தபோது அவரது பக்கம் தொடர்ந்து திருத்தப்பட்டது. ஒவ்வொரு திருத்தமும் கேஷைக் காலி செய்ய, பல சர்வர்கள் அதே பக்கத்தை ஒரே நேரத்தில் உருவாக்க முயன்று தளமே திணறியது. அதன் பிறகுதான் 'ஒருவர் உருவாக்கட்டும், மற்றவர்கள் காத்திருக்கட்டும்' என்ற பூல்கவுண்டர் ஏற்பாடு வந்தது.

2021 ஜூலையில் எக்ஸ்டென்ஷனே சிக்கலானது. ரஷ்ய விக்கிசெய்தியில் பாட் மூலம் மொத்தமாகத் திருத்தங்கள் நடந்தபோது, பக்கப் பட்டியல்களைத் தானாக உருவாக்கும் டைனமிக்பேஜ்லிஸ்ட் எக்ஸ்டென்ஷனின் கேள்விகள் டேட்டாபேஸை நெரித்தன. மற்ற விக்கிகளும் தடுமாறின. கடைசியில் அந்தத் தளத்தில் அதை நிறுத்தினார்கள்.

உங்க ஆபீஸ் விக்கியில் என்ன பார்க்கணும்?

பல நிறுவனங்களின் உள் ஆவணங்கள் மீடியாவிக்கியில்தான் இருக்கின்றன. புது எக்ஸ்டென்ஷன் போடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

- இதன் வெளியீடு ஆளுக்கு ஆள் மாறுமா? லாகின் செய்தவரின் பெயரையோ துறையையோ காட்டும் எக்ஸ்டென்ஷன், அதை பார்சர் கேஷில் சேமித்துவிட்டால் அடுத்தவர் திரையிலும் அதே தகவல் தெரியும். அத்தகைய எக்ஸ்டென்ஷன் தன் வெளியீட்டைச் சேமிக்க வேண்டாம் என்று மீடியாவிக்கியிடம் சொல்லியாக வேண்டும்.
- நேரத்துக்கு நேரம் மாறுமா? பார்சர் கேஷின் இயல்பான ஆயுள் 24 மணி நேரம். விலைப் பட்டியலோ ஷிஃப்ட் அட்டவணையோ காட்டினால், அந்த ஆயுளைக் குறைக்கும் வசதி எக்ஸ்டென்ஷனில் இருக்க வேண்டும்.
- ரகசியத்தைக் காக்க இதை நம்புகிறோமா? பக்கவாரியாக வாசிப்பைத் தடுப்பதற்காக மீடியாவிக்கி வடிவமைக்கப்படவில்லை என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன. சம்பள விவரத்தை வேறு இடத்தில் வையுங்கள்.

ஒரு பக்கம் பழையதாகவே தெரிந்தால், முகவரியின் கடைசியில் பர்ஜ் கட்டளையைச் சேர்த்து அதைப் புதுப்பிக்கலாம். ஆனால் அது அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் புதுப்பிக்கும். நீக்க வேண்டியது ஒருவரின் அடையாளம் என்றால், முன்னோட்டம், தேடல், விக்கித்தரவு, பழைய பதிப்புகள் என ஒவ்வொன்றையும், லாகின் செய்யாத பிரவுசரில் திறந்து சரிபார்க்க வேண்டும். லாகின் செய்த உங்களுக்குப் புதிய பக்கம் தெரியும்போது, வெளியே இருப்பவருக்குப் பழைய பக்கமே போய்க்கொண்டிருக்கலாம்.