கூண்டுக்குள் ஒரு கிலுகிலுப்பை
(வெப்பத்திலிருந்து மின்சாரம்)



கோலா சிலாங்கூர் தோட்டப் பக்கம் செம்பனை ஆலையைப் பார்த்திருப்பீங்க. நாரையும் ஓட்டையும் எரித்துத்தான் கொதிகலன் ஓடுது. புகைபோக்கி வழியே நிறைய வெப்பம் வீணாகுது. அதை மின்சாரமாக்க முடியுமா?

முடியும். கடத்தியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால் மின்னழுத்தம் உண்டாகும். 1821-இல் சீபெக் கண்ட விளைவு இது.

சிக்கல் என்ன? மின்சாரம் நன்றாக ஓடும் உலோகத்தில் வெப்பமும் நன்றாக ஓடும். இரு முனையும் சீக்கிரம் ஒரே சூட்டுக்கு வந்துடும். கண்ணாடியில் வெப்பம் மெதுவாகப் போகும். ஆனா, மின்சாரம் ஓடாது. இரண்டின் நல்ல குணமும் ஒரே பொருளில் வேண்டும் என்றார் கிளென் ஸ்லாக், 1990-களில்.

அதற்கு ஏற்றவைதான் கிளாத்ரேட் எனும் கூண்டுக் குறைக்கடத்திகள். ஒரு வகையில் காலியம், ஜெர்மேனியம் அணுக்கள் 46 சேர்ந்து கூண்டுகளை அமைக்கும். உள்ளே 8 பேரியம் அணுக்கள், கிலுகிலுப்பை மணி மாதிரி தளர்வாக ஆடும். அந்த ஆட்டம் வெப்பத்தைச் சுமக்கும் அதிர்வுகளைத் தடுக்கும். எலக்ட்ரான்களோ கூண்டுச் சட்டம் வழியே போயிடும்.

பிறகு ஏன் ஆலைகளில் இதைக் காணோம்? ஜெர்மேனியம் விலை அதிகம். கிடைக்கும் மின்சாரமோ வெப்பத்தில் சிறு பங்குதான்.

தேர்வுக் குறிப்பு: "வெப்பம் இருந்தால் மின்சாரம் வரும்" என்று எழுதாதீங்க. தேவை வெப்பநிலை வேறுபாடு. முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால், எவ்வளவு கொதித்தாலும் மின்னழுத்தம் சுழியம்தான்.