சொல்லத் துணிந்தால் உயிர் தப்பும்

வைத்தியசாலையில் சிறந்த குழு எது? தவறு குறைவாக நடக்கும் குழு என்போம். 1990களில் அமெரிக்க வைத்தியசாலைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்த எமி எட்மண்ட்சனும் அப்படித்தான் எதிர்பார்த்தார். ஆனால், நன்றாக இயங்கிய குழுக்களிலேயே அதிக தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறைவிட, அதை மறைக்காமல் சொல்லும் துணிவே கூடியிருந்தது என அவர் உணர்ந்தார். 1999இல் இந்தச் சூழலை 'உளவியல் பாதுகாப்பு' என விளக்கினார்.

வெளிவந்த தவறைத் திருத்தலாம். மறைத்த தவறு அடுத்த நோயாளியிடம் மீண்டும் நடக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலின்படி, தோலை வெட்டுமுன் குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும். ஒருமுறை பேசிய இளம் தாதிக்கு, "டொக்டர், கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்வதும் எளிதாகும்.

மரியாதை வேறு, மௌனம் வேறு. சந்தேகத்தைச் சொன்ன தாதியை ஏசினால், அடுத்தமுறை அவர் வாய் திறக்கமாட்டார். பாதிக்கப்படுபவர் நோயாளியே.